மலாரத்தை யார் தூக்குவது?

புதியவர்களுக்கான அறிமுகக் கூட்டத்தில் என்னை ‘ஓய்வு பெற்ற களப்பணியாளர்’ என்று சொன்னதும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. தலையில் ஒரு நரைகூட இல்லாதவள் ஓய்வு பெறுவதாவது. ஆனால் நம் வேலையில் அது நடக்கும். இரண்டு தெருக்கள் முகம் பார்க்காமல் இருக்கும்போது நடுவில் போய்வர நம்மை அனுப்புகிறார்கள். தெருக்காரர்கள் தாங்களே போய்வர ஆரம்பித்துவிட்டால் அப்புறம் நாம் எதற்கு? ஆம்பூரில் எனக்கு அப்படித்தான் வேலை போனது. இந்த வேலையில் கிடைக்கக்கூடிய ஒரே பதவி உயர்வு அதுதான் என்று நினைக்கிறேன்.

அன்று நான் பேச ஆரம்பித்த வேகத்தைப் பார்த்துத் தலைவர் கடிகாரத்தைக் காட்டி உட்காரவைத்துவிட்டார். அதனால் எழுதியே தருகிறேன். கூட்டம் எப்படிக் கூட்டுவது, வதந்தி கிளம்பினால் முதலில் யாரைப் போய்ப் பார்ப்பது, காவல் நிலையத்துக்கு எந்த நேரத்தில் போனால் எரிந்து விழமாட்டார்கள், இதெல்லாம் கொஞ்ச நாளில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு தெரு சொன்னதை இன்னொரு தெருவுக்குக் கொண்டுபோகும்போது, வழியில், நம் வாயில் அந்தச் சொல்லுக்கு என்ன ஆகிறது என்பது.

எண்பதுகளின் தொடக்கம், இன்றைக்கு நாலைந்து வருடத்துக்கு முன்னால். படிப்பை முடித்த கையோடு ஆம்பூருக்கு வந்திருந்தேன். பாலாற்றுப் பக்கம் மேட்டுத் தெரு, மசூதித் தெரு என்று இரண்டு தெருக்கள். நடுவில் ஒரு சந்து. மாட்டு வண்டி ஒன்று போகலாம், எதிரில் சைக்கிள் வந்தால் இறங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். மேட்டுத் தெரு ஆண்கள் தோல் பதனிடும் ஷாப்புக்குப் போவது அந்தச் சந்து வழியாக. மசூதித் தெருப் பெண்கள் குழாயடிக்கு வருவதும் அதே சந்து வழியாக.

ஒருநாள் ஈரத்தோல் ஏற்றிய மசூதித் தெரு வண்டி ஒன்று அந்தச் சந்தில் அச்சு முறிந்து நின்றது. மேட்டுத் தெருவில் அன்று அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். கோலம் போட்ட வாசல்களில் தோல் தண்ணீர் ஓடியது. வாய்ச்சண்டை, தள்ளுமுள்ளு. இருட்டிய பிறகு சந்து முனையில் இருந்த மேட்டுத் தெரு செல்வத்தின் சைக்கிள் கடை எரிந்தது. யார் வைத்த நெருப்பு என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் காலை ஷாப்பில் சங்கு ஊதியதும் வேலைக்குக் கிளம்பி வந்த மசூதித் தெரு அன்வர்தான் செல்வத்தின் கண்ணில் முதலில் பட்டான். அன்வர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவன். செல்வத்தின் கடையில்தான் அவன் சைக்கிளுக்குக் காற்று அடிப்பான். செல்வம் எரிந்த கடையிலிருந்து கையில் கிடைத்த இரும்புக் கம்பியை எடுத்து அடித்தான். அன்வரின் வலது கை உடைந்தது.

வழக்குப் பதிவானது. போலீஸ் வந்து உட்கார்ந்தது. அன்று சாயங்காலம் சந்தின் அந்த முனையிலிருந்து அவர்கள் கருவேல முள்ளைக் கொண்டுவந்து போட்டார்கள். இந்த முனையிலிருந்து இவர்கள் கொண்டுவந்து போட்டார்கள். இரண்டு தெருவும் ஒற்றுமையாகச் செய்த காரியம் அந்த வேலி ஒன்றுதான். அதன்பிறகு தோல் ஷாப்புக்குப் போகிறவர்களும் தண்ணீர் எடுக்கிறவர்களும் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நாங்கள் அமைதிக் குழு அமைத்தோம். மடிப்புக் கலையாத சட்டை போட்ட பெரியவர்கள் வந்தார்கள். முதல் கூட்டத்தை எந்தத் தெருவில் கூட்டுவது என்பதைப் பற்றியே ஒரு மாதம் பேசினார்கள்.

இந்த இடத்தில் தேவராஜைச் சொல்லிவிடுகிறேன். என்னோடு அதே வேலையில் சேர்ந்தவன், திருப்பத்தூர்க்காரன், என்னைவிட ஒரு வயது சின்னவன் என்பதால் ‘அக்கா’ என்பான். அவன் மாதிரி நல்லவனை நான் பார்த்ததில்லை. யார் முகமும் வாடக் கூடாது அவனுக்கு. பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை இல்லை என்று கத்தினால்கூட, ‘பாவம் அக்கா, காலைலேர்ந்து நிக்கிறாரு’ என்று எனக்குச் சமாதானம் சொல்வான். மேட்டுத் தெருவில் ஒருவர், ‘அவனுங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டோம்’ என்று சொல்லி அனுப்பினால், அது தேவராஜின் வாய் வழியாக மசூதித் தெருவுக்குப் போய்ச் சேரும்போது, ‘இப்போதைக்கு வேண்டாம்னு நெனைக்கிறாங்க’ என்று ஆகியிருக்கும். எனக்கு அது சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது. நம் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருமே கொஞ்சம் கொஞ்சம் இதைச் செய்கிறோம். சண்டைக்காரர்கள் செய்யமாட்டார்கள், போலீஸ் செய்யாது, வக்கீல் செய்யமாட்டார். சமாதானம் பண்ணப் போகிறவர்கள் மட்டும்தான் சர்க்கரை போடுவோம்.

செல்வத்தின் மனைவி விஜயாவுக்கு அப்போது நிறைமாதம். முதல் குழந்தை தங்கவில்லை. அந்தத் தடவை வளைகாப்பு வரைக்கும்கூடப் போகவில்லை. இந்தத் தடவை நாள் குறித்துவிட்டார்கள். அம்மா இல்லாத பெண் என்பதால் எல்லாமே மாமியார் வீட்டில்தான். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஜைத்தூன் பூபூ வந்துதான் வளையல் போட வேண்டும்.

வேறு மாவட்டங்களிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் முஸ்லிம் வீட்டுப் பெரிய பெண்களை மற்றவர்கள் பூபூ என்று கூப்பிடுவார்கள். ஜைத்தூன் பூபூ வளையல் விற்கிறவர். மேட்டுத் தெருவில் எந்த வீட்டில் வளைகாப்பு என்றாலும் அவர்தான் வந்து கையைப் பிடித்துப் போட்டுவிட வேண்டும். செல்வத்தை வயிற்றில் சுமந்தபோது அவன் அம்மாவுக்குப் போட்டதும் அவர்தான். ராசியான கை என்று பெயர். கண்ணாடி வளையல்களைக் கோத்துக் கட்டிய பெரிய கொத்தை, மலாரம் என்பார்கள், தோளில் மாட்டிக்கொண்டு மகன் முன்னால் நடப்பான், அவர் பின்னால் வருவார். அந்தக் கலகலச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

அந்த மகன்தான் அன்வர். இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

‘குடியாத்தத்துலேர்ந்து வேற வளையல்காரர இட்டுனு வர்றேன்’ என்று செல்வம் சொல்லிப் பார்த்தான்.

‘அவர் கையில நீ போட்டுக்கோ’ என்றாள் விஜயா. ‘பூபூ வரலன்னா நான் மொட்டக் கையோட ஆஸ்பத்திரிக்குப் போறேன்.’

வளையல் இல்லாத கையோடு பிரசவத்துக்கா? செல்வத்தின் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். செல்வம் எங்களுக்கு ஆள் அனுப்பினான்.

வளைகாப்புக்கு முதல்நாள் நானும் தேவராஜும் போனோம். செல்வம் எரிந்த கடையின் எதிரில், இரவல் பம்ப்பும் ஒரு தண்ணீர்ச் சட்டியும் வைத்துக்கொண்டு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே பேசினான்.

‘அடிச்சது நான்தான். எங்க வேணாலும் வந்து சொல்றேன். மன்னிப்புன்ற வார்த்த என் வாய்ல வராதுங்க. என் கடைக்கு யாரு வந்து கேட்டாங்க? ஆனா பூபூ வர்றதுன்னா வரட்டும். எங்க வீட்டுக்கு அவங்க வர்றத எவன் கேக்கறது?’

‘அவ்ளோதானா? நாங்க வேற எதாவது சொல்லணுமா?’ என்று கேட்டேன்.

‘அவ்ளோதான்’ என்று டியூபைத் தண்ணீரில் அமுக்கினான்.

நான் போலீஸ் அனுமதிக்காக ஸ்டேஷனுக்குப் போனேன். தேவராஜ் பூபூ வீட்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது. ‘வர்றேன்னு சொல்லிட்டாங்க அக்கா. காலைல ராகு காலத்துக்கு முன்னாடி.’ நான் எகிறிக் குதிக்காத குறை. ஒரு மாதமாக நாற்காலி போட்டுப் பேசியும் நடக்காதது, நடக்கப்போகிறது.

காலையில் அவரை அழைத்துவரப் போனோம். பூபூ புர்கா போட்டுத் தயாராக இருந்தார். மலாரம் வாசல் கட்டிலில் கிடந்தது. சிவப்பு, பச்சை, நடுவில் மஞ்சள். உள்ளே அன்வர் கழுத்தில் தூளி கட்டிய கையோடு, டிரான்சிஸ்டரைத் திருகிக்கொண்டு இருந்தான். எங்களைப் பார்த்ததும் சத்தத்தைக் கூட்டிவைத்தான்.

‘பேஜார்தான் டீச்சர்’ என்றார் பூபூ. கொஞ்சம் படித்த பெண் எல்லோருமே அந்தத் தெருவுக்கு டீச்சர்தான். ‘ராத்திரியெல்லாம் இவனுக்கும் எனக்கும் சண்ட. அவன் மன்னிப்பு கேட்டு அனுப்பிட்டான்டா, அழுதானாம்டா, நாம போகலன்னா அல்லா நம்மள கேப்பான்னு சொல்லிட்டேன்.’

நான் தேவராஜைப் பார்த்தேன். தேவராஜ் மலாரத்தில் இருந்த மஞ்சள் வளையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உங்களில் யாருக்காவது இந்த மாதிரி நேரம் கட்டாயம் வரும். வரும்போது யோசிக்க நேரம் இருக்காது. சந்துக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூடியிருக்கிறார்கள், ராகு காலம் நெருங்குகிறது, ஒரு பெண் மணையில் வெறும் கையோடு உட்கார்ந்திருக்கிறாள். பேசாமல் இருந்தால் பூபூ கிளம்பிவிடுவார். ஒருவேளை எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடவும் கூடும். உண்மையைச் சொன்னால் முள்வேலி அப்படியே நிற்கும்.

எனக்கு ஒரே ஒரு காட்சிதான் கண்ணில் வந்தது. பூபூ அந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறார், மன்னிப்புக் கேட்டவனின் முகத்தைத் தேடுகிறார். செல்வமோ மன்னிப்புக் கேட்காதவனின் முகத்தோடு, நிமிர்ந்து நிற்கிறான். அத்தனை பெண்கள் நடுவில் அவருக்கு அது புரியும். அன்று போட்ட வளையலை விஜயா வாழ்நாள் முழுக்க எப்படி நினைத்துக்கொள்வாள்? அதற்குப் பிறகு நாங்கள் எந்தச் செய்தியைக் கொண்டுபோனாலும் இரண்டு தெருவும் எப்படி நம்பும்?

‘பூபூ,’ என்றேன், ‘செல்வம் மன்னிப்பு கேக்கல. அழவும் இல்ல.’

உள்ளே டிரான்சிஸ்டர் நின்றது.

‘நான் சொல்லல?’ என்று அன்வர் வாசலுக்கு வந்தான். சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டாம். ‘அவன் வாய்ல அது வருமா? நல்லா சக்கரப் பொங்கல் குடுத்தீங்கய்யா எங்கம்மாவுக்கு.’

தேவராஜ் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். பூபூ கையைக் காட்டி நிறுத்தினார். புர்காவின் முன்பக்கத்தை மேலே எடுத்துப் போட்டுக்கொண்டு மலாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

‘பின்ன அவன் இன்னாதான் சொன்னான்?’

நான் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல், அவன் சொன்ன வரிசையிலேயே. அடிச்சது நான்தான். எங்க வேணாலும் வந்து சொல்றேன். மன்னிப்புன்ற வார்த்த வாய்ல வராது. என் கடைக்கு யாரு வந்து கேட்டாங்க. பூபூ வரட்டும், எங்க வீட்டுக்கு வர்றத எவன் கேக்கறது. தலை குனிந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டே சொன்னான் என்பதையும் சொன்னேன்.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். பூபூ ஒரு பச்சை வளையலை விரலால் உருட்டினார்.

‘இது அவன் பேச்சு’ என்றார். ‘நேத்து தம்பி சொன்னது யார் பேச்சுன்னே தெரியல. ராத்திரி பூரா யோசிச்சேன், இந்தப் பையன் எப்ப இவ்ளோ மெதுவானான்னு.’

பிறகு மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. ஒரு மாதமாக எல்லோரும் பூபூ போவாரா என்று கேட்டோம், செல்வம் அழைப்பானா என்று கேட்டோம். கை உடைந்தவனிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

‘நீங்க சொல்லுங்க அன்வர்’ என்றேன்.

‘நான் இன்னா சொல்றது? எங்கம்மா போகட்டும். தடுக்கல. ஆனா மலாரத்த யார் தூக்கறது? நான்தானே தூக்குவேன். இப்ப எனக்குக் கை ஏது?’ கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். ‘உடைச்சவன் வந்து தூக்கச் சொல்லுங்க. போய்ச் சொல்லுங்க, பாக்கலாம்.’

‘நான் தூக்குறேன் அன்வர்’ என்றான் தேவராஜ் உடனே.

‘நீ எதயும் தூக்க வேணாம் தோஸ்த். நீ தூக்கிட்டு வந்ததே போதும்.’

குத்தலாகத்தான் சொன்னான். நடக்காது என்று தெரிந்து, எங்களை விரட்டுவதற்காகச் சொன்னான். ஆனால் எனக்கு என்னவோ, அந்த ஒரு மாதத்தில் யார் வாயிலிருந்தும் வராத உருப்படியான பேச்சு அது என்று பட்டது. மன்னிப்பு என்பது வாயில் வர வேண்டிய சாமான். அது வராது என்று ஒருவன் சொல்லிவிட்டான். தூக்குவதற்கு வாய் தேவையில்லை.

‘போய்ச் சொல்றேன்’ என்றேன். ‘நீங்க கேலியா சொன்னீங்கன்னும் சேத்துச் சொல்லுவேன்.’

அன்வர் புருவத்தைச் சுருக்கினான். ‘சொல்லுங்க. எனக்கின்னா பயம்?’

சந்துக்கு ஓடினோம். வேலிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. என் புடவை ஒரு இடத்தில் மாட்டிக் கிழிந்தது. தேவராஜ் முள்ளை விலக்கிப் பிடித்துக்கொண்டே, ‘அக்கா, மனசு கேக்கலக்கா, அந்தம்மா மூஞ்ச பாத்து எப்படி...’ என்று ஆரம்பித்தான்.

‘அப்புறம் பேசலாம். இப்ப நீதான் சொல்லப்போற. அன்வர் சொன்னதத் திருப்பிச் சொல்லு.’

‘மலாரத்த தூக்குறதுக்கு உதவி பண்ணினா நல்லா இருக்கும்னு...’

‘தேவராஜ்.’

‘சரி. உடைச்சவன் வந்து தூக்கச் சொல்லுங்க. போய்ச் சொல்லுங்க, பாக்கலாம்.’

‘இன்னொரு தடவ.’

வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையனைப் போல அவன் அதையே முணுமுணுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் பாசமும் சேர்ந்து வருகிறது.

செல்வம் வாசலில் சட்டை இல்லாமல் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தான். சேக்காளிகள் சுற்றி நின்றார்கள். தேவராஜ் மூச்சை இழுத்துக்கொண்டு ஒப்பித்தான். நான் சேர்த்துச் சொன்னேன்: ‘கேலியாதான் சொன்னாரு. நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சுச் சொன்னாரு. பூபூ மலாரத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்காங்க.’

‘இன்னாடா இது? கூலிக்குக் கூப்புடுறானா உன்ன?’ என்றான் ஒருவன்.

‘பொம்பள வளையலத் தூக்கினு ஊர்கோலம் போவியா நீ?’ என்றான் இன்னொருவன். சிரித்தார்கள்.

செல்வத்தின் முகம் கறுத்தது. கையிலிருந்த நூலைச் சுற்றினான், அவிழ்த்தான். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாய் நிறைய நல்ல வார்த்தைகள் இருந்தன. படித்தவள் இல்லையா? நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். நம் வேலையிலேயே கஷ்டமான பகுதி அதுதான்.

உள்ளே இருந்து விஜயாவின் குரல் வந்தது. ‘தே, உன்னால முடியலன்னா சொல்லிடு. நான் போய் தூக்கினு வர்றேன். இத்தயும் சொமக்கிறேன், அத்தயும் சொமக்கிறேன்.’

சேக்காளிகளின் சிரிப்பு நின்றுவிட்டது. செல்வம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். கொல்லையிலிருந்து அரிவாளை எடுத்தபோது நான் அவன் பின்னாலேயே ஓடினேன். அவன் நேராக வேலிக்குப் போய், ஒரு கொத்து முள்ளை வெட்டி இழுத்து ஓரமாகத் தள்ளினான். இன்னொன்று. ஒரு ஆள் நிமிர்ந்து நடக்கிற அகலம் கிடைத்ததும் அரிவாளை அங்கேயே சுவரில் சாய்த்துவைத்துவிட்டு அந்தப் பக்கம் போனான். வேலியோரம் காவலுக்கு இருந்த போலீஸ்காரர் எழுந்து நின்றார். நான் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னேன். எந்தத் தைரியத்தில் என்று இப்போது தெரியவில்லை. அவரும் உட்கார்ந்துவிட்டார்.

மசூதித் தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பூபூ வீட்டு வாசலில் அன்வர் நின்றிருந்தான். இவன் வருவான் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், வழக்கமாக யாருக்கும் சொல்லிக்கொடுப்பதுபோல் சொன்னான்:

‘எடது தோள்ல மாட்டு. வலதுல மாட்டினா நடக்கறப்ப இடுப்புல இடிக்கும்.’

செல்வம் குனிந்து தூக்கினான். அவன் நினைத்ததைவிடக் கனம். வளையல்கள் எல்லாம் சேர்ந்து சத்தம் போட்டன.

‘மெதுவா. கண்ணாடி அது.’

‘தெரியும்.’

‘உனக்குத் தெரியாது. சைக்கிள் செயின் இல்ல அது. ஒரு கையால கீழ புடி. இறுக்காத. ஆங், அப்படி.’

கிளம்பினார்கள். முன்னால் செல்வம், ஒட்டினாற்போல் அன்வர், பின்னால் பூபூ, நாங்கள் கடைசியில். அன்வர் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தான். ஆட்டாதே என்றான், கல்லைப் பார் என்றான், அம்மாவுடைய முதல் எல்லாம் உன் தோளில் இருக்கிறது என்றான். சந்துக்குள் நுழைந்ததும் சத்தம் தணிந்தது. இருவரும் பேசியது எனக்குக் கேட்டது.

‘நான் கொளுத்தலடா உன் கடைய.’

‘தெரியும்.’

‘தெரிஞ்சே அடிச்சியா?’

செல்வம் நாலு எட்டு நடந்தான். ‘அடிக்கறப்ப தெரியாது. அடிச்சப்புறம் தெரிஞ்சுது. நீ விழுந்து கெடந்த பாரு, அப்பவே தெரிஞ்சுது.’

‘அப்பவே வந்து சொல்லி இருக்கலாமில்ல?’

‘வேலி போட்டுட்டாங்களே.’

‘நீயும்தானே போட்ட.’

‘ம்.’

பூபூ என்னைத் திரும்பிப் பார்த்தார். தேவராஜ் மூக்கை உறிஞ்சினான்.

வெட்டிய முள்ளுக்கு நடுவில் செல்வம் பக்கவாட்டில் திரும்பி, மலாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நுழைந்தான். மேட்டுத் தெருவுக்குள் அந்தக் கலகலச் சத்தம் நுழைந்ததும், பழக்க தோஷம், வீட்டுக்கு வீடு பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். வந்த பிறகுதான் யார் தோளில் அது தொங்குகிறது என்பதைப் பார்த்தார்கள். செல்வத்தின் சேக்காளிகள் வழிவிட்டார்கள். ஒருவன் பந்தலில் நாற்காலி எடுத்துப் போட்டு அன்வரை உட்காரச் சொன்னான். அன்வர் உட்காரவில்லை, ஆனால் போகவும் இல்லை.

வளைகாப்பு எப்படி நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ராகு காலம் பிறந்துவிட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பூபூ விஜயாவின் கையைத் தன் மடியில் வைத்துப் பிசைந்து பிசைந்து, விரல் மூட்டை மடக்கி, ஒவ்வொன்றாக ஏற்றினார். பிறகு சுற்றியிருந்த பெண்களுக்கு. எனக்கும். ‘கை இப்படி வெறச்சினு இருந்தா எப்படி டீச்சர்?’ என்று அதட்டினார். விரல்களைத் தளர்த்திக் கொடுத்தேன்.

உங்களுக்கு இது ஒரு நல்ல முடிவாகத் தெரியலாம். நம் தலைமை அலுவலகத்துக்கும் அப்படித்தான் தெரிந்தது. வேலியை முறைப்படி அகற்ற ஒரு விழா வைக்கலாம், பெரிய அதிகாரியைக் கூப்பிடலாம், போட்டோ எடுக்கலாம் என்றார்கள். வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்டேன். விழா வைத்தால் மேடையில் யாராவது ‘மன்னிப்பு’ என்று பேசிவிடுவார்கள். அது இன்னும் நடக்காத விஷயம். வழக்கும் நின்றுவிடவில்லை. அன்வர் வாபஸ் வாங்கவில்லை. செல்வம் கோர்ட்டில் நின்று ‘அடிச்சது நான்தான்’ என்று சொன்னான், அபராதம் கட்டினான், மத்தியானம் வந்து பஞ்சர் ஒட்டினான். வெட்டிய இடைவெளியை யாரும் மறுபடி அடைக்கவில்லை. முதலில் ஆடு நுழைந்தது, பிறகு குடம், பிறகு சைக்கிள். மழைக்காலத்தில் மீதி முள்ளை யாரோ அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தேவராஜோடு அன்று மாலையே டீக்கடையில் உட்கார்ந்து பேசினேன். திட்டத்தான் நினைத்தேன். ‘ரெண்டு பேரும் அழுதா நல்லா இருக்கும்னு எனக்கு ஆசையா இருந்துச்சிக்கா’ என்றான். இப்படிச் சொல்கிறவனை எப்படித் திட்டுவது? இவ்வளவுதான் சொன்னேன்: நம் ஆசையை நம் பெயரில் சொல்லலாம், அவர்கள் பெயரில் சொல்லக் கூடாது. அதேபோல, சேக்காளிகள் அடித்த கேலியை நான் பூபூவிடம் கொண்டுபோகவில்லை. அது செல்வம் கொடுத்தனுப்பியது இல்லை. எது ஒருவர் நம் கையில் கொடுத்ததோ அதைக் கொண்டுபோக வேண்டும். கசப்பாக இருந்தாலும் அதில் அவர்களுடைய வாசனை இருக்கும், வாங்குகிறவருக்கு யார் என்று தெரியும். தேவராஜ் தலையாட்டினான். என் டீயில் சர்க்கரை கம்மி என்று நான் சொன்னதைக் கடைக்காரரிடம் அப்படியே போய்ச் சொன்னான்.

விஜயாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கத்தின கத்தலில் வார்டே விழித்துக்கொண்டது என்று செல்வம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். கொஞ்ச நாள் கழித்து பூபூ என்னைக் கூப்பிட்டு, துணியில் சுற்றிய ஒரு ஜோடி கருவளையலைக் கொடுத்தார். என் கட்டைவிரல்கூட நுழையாத அளவு.

‘குழந்தைக்குக் குடுத்துரு டீச்சர். அந்தப் பையன்கிட்ட சொல்லு, நான் இன்னும் அவன மன்னிக்கல.’

‘அப்படியே சொல்லட்டுமா?’

‘பின்ன? அப்படியேதான்.’

கொண்டுபோய் அப்படியே சொன்னேன். செல்வம் குழந்தையின் கையில் வளையலை ஏற்றத் தெரியாமல் ஏற்றிக்கொண்டே கேட்டான். அந்தச் சண்டைக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

‘நானும் இன்னும் கேக்கலன்னு சொல்லுங்க.’

அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பூபூ தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ‘கொழுப்பு ஜாஸ்தி அவனுக்கு. வயித்துல இருக்கறப்பவே உதைப்பான்.’

அதன்பிறகு ஒவ்வொரு நல்ல நாளுக்கும், ரம்ஜானுக்கும் பொங்கலுக்கும், ஒரு வீட்டுப் பலகாரத் தட்டை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகும்போது என்னிடம் இந்த இரண்டு வாக்கியங்களும் ஏறிவிடும். நான் இன்னும் மன்னிக்கல. நானும் இன்னும் கேக்கல. கொண்டுபோவேன், கொண்டுவருவேன். வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதியாக அது ஆகிவிட்டது.

போன பொங்கலுக்குத் தட்டோடு கிளம்பினேன். சந்து முனையில் செல்வத்தின் புதுக் கடை. பூபூ அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பெண் குழந்தையின் கையை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். வளர்ந்துவிட்டாள், வளையல் மாற்ற வேண்டும். அன்வர் தன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அவனே செயின் மாட்டிக்கொண்டிருந்தான். செல்வம் ‘அப்படி இல்லடா, இறுக்காத’ என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தான்.

‘நான் இன்னும் உன்ன மன்னிக்கல, தெரியுமில்ல?’ என்றார் பூபூ, வளையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

‘நானும் இன்னும் கேக்கல பூபூ’ என்றான் செல்வம்.

நான் தட்டை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். என்னிடம் கொடுத்தனுப்ப அவர்களுக்கு ஒன்றுமே இல்லை.